அழைப்பு வேண்டாத நாள்

ரிக்மோர் மார்ஸ்டால் துறையில் படகை விட்டு இறங்கியபோது பேருந்து புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது. ஏரோ தீவில் பேருந்துக்குக் கட்டணம் கிடையாது. ஏறி உட்கார்ந்தால் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த மேற்குக் கோடியில்தான் அவளுடைய அண்ணன் ஐகிலின் பண்ணை வீடு. அந்த வீட்டுக்குப் போகத்தான் அவள் வந்திருந்தாள். வந்தவள், முதுகுப் பையின் வாரை இறுக்கிக்கொண்டு, பேருந்து என்று ஒன்று அங்கே நிற்பதே தெரியாதவள் போலக் கடலோரப் பாதைப் பக்கம் திரும்பினாள்.

ஓட்டுநர் வெர்னர் விடுவானா? ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது ஐகிலுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன். ஏறச் சொன்னான். நடக்கப் போவதாக அவள் சொன்னாள். எங்கே என்று கேட்டான். சும்மா, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கடலோரமாக என்றாள்.

“சும்மா போற வண்டிய விட்டுட்டுச் சும்மா நடக்குறேங்குற. டவுன்ல போய்க் குடியிருந்து மூளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“உன் வண்டில ஏறுனாத்தான் ஏதாவது ஆகும். போ, போ.”

வெர்னர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தீவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது.

வருகிற சனிக்கிழமை ஐகிலுக்கு எழுபது வயது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பெரிய பிறந்தநாள் வந்தால் தீவுப் பத்திரிகையில் இரண்டு வரி போட்டுவிடுவார்கள். இன்ன நாள், காலை பத்து மணி முதல் வீடு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று. அன்றைக்கு மட்டும் யாருக்கும் அழைப்பு வேண்டியதில்லை. மற்ற நாளில், கூடப் பிறந்தவர்களாகவே இருக்கட்டும், கூப்பிடாமல் ஒருவர் வாசலில் போய் நிற்கிற பழக்கம் இங்கே கிடையாது. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்துவிடுவோமோ என்று எங்கள் ஆட்களுக்கு இருக்கிற பயம் இருக்கிறதே, அப்பப்பா! பக்கத்து வீட்டுக் கூரை பற்றி எரிந்தால்கூட, இப்போது வரலாமா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் வாளியைத் தூக்குவார்கள். இதை மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கென்னவோ இது ஒரு வியாதி என்றுதான் தோன்றுகிறது.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரிக்மோரின் புருஷன் பாலே செத்த வாரத்தில்தான் பேச்சு நின்றது. பாலே குடிகாரன். அடிக்கிற, உதைக்கிற குடிகாரன் இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்துக் குடித்து, வீட்டில் வேறு யாரும் மூச்சுவிட முடியாதபடி செய்கிற ரகம். அவன் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் செத்துப்போனபோது ஐகில் அவள் குடியிருந்த ஓடென்ஸ் நகரத்துக்குப் போன் போட்டான். சுற்றி வளைத்துப் பேச அவனுக்கு எப்போதுமே தெரியாது. துக்கம் விசாரித்தான், பிறகு, “அவன் போனது உனக்கு நல்லதுதான் ரிக்மோர்” என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சொல் பொய்யாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பாள். அது உண்மை. ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வீடு திரும்பிய அன்று, கோட்டைக் கழற்றி மாட்டும்போது அவள் நெஞ்சில் முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு நிம்மதி. அதை யாருக்கும் தெரியாமல் அடியில் போட்டு அமுக்கி வைத்திருந்தாள். ஐகில் அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டான். அந்தக் கோபத்தில் அவள் தன்னுடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு அவனைக் கூப்பிடவில்லை. அவள் கூப்பிடவில்லை என்பதால் அவன் தன் மகன் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான், கதவு இரண்டு பக்கமும் சாத்திக்கொண்டது.

இப்போது அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. அவன் எதிரில் உட்கார்ந்து, “நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்” என்று சொல்லிவிட வேண்டும். வயதாக ஆக, அந்த நிம்மதியைத் தனியாகச் சுமப்பது அவளால் முடியவில்லை. உலகத்தில் அதைத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான்.

பத்திரிகையில் அந்த இரண்டு வரியைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டாள். ஆனால் நேராகப் பேருந்தில் போய் இறங்கினால், பிறந்தநாளைச் சாக்கு வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஓடி வந்துவிட்டாள் என்று ஆகிவிடும் இல்லையா? நடந்து போனால் அப்படி இல்லை. தீவைக் கடக்கிற நெடும்பாதை ஐகிலின் வயலுக்குக் கீழே, கடலை ஒட்டித்தான் போகிறது. இந்தப் பக்கமா நடந்துக்கிட்டிருந்தேன், பேப்பர்ல பாத்தது ஞாபகம் வந்துச்சு, எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதைப் படகில் வரும்போது வாய்க்குள்ளேயே பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வீம்பு என்றால் வீம்பு, அப்படி ஒரு வீம்பு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வியாழக்கிழமை முழுக்க வெயில் நன்றாக இருந்தது. கடற்கரைக் குளியல் குடில்களைத் தாண்டி, கரைமேட்டின் மேல் நடந்தாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மாடுகள் மேய்கிற உப்புப் புல்வெளி. கடற்பாசி காய்கிற நாற்றம் மூக்கில் ஏறியதும் மனசு கொஞ்சம் லேசானது. மத்தியானம் ஒரு கல்லில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் தின்றாள். தூரத்துச் சாலையில் பேருந்து போகும்போதெல்லாம் வெர்னர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அவள் கையை ஆட்டிப் போடா என்றாள். அன்று சாயங்காலம், பாதையில் நடப்பவர்கள் படுத்துக்கொள்வதற்காக மூன்று பக்கம் பலகை அடைத்துப் போட்டிருக்கும் ஷெல்டர் ஒன்றில் படுத்தாள். முழங்கால் வலித்தாலும் தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை மழை. பெரிய மழை இல்லை, விடாமல் நச்சரிக்கிற தூறல். வாற்கோதுமை வயல் ஓரமெல்லாம் சேறு. வலது முழங்கால் வீங்கிவிட்டது. பாதை ஓரிடத்தில் கடலை விட்டு ஏறி, சாலையோடு சேர்ந்து கொஞ்ச தூரம் போகும். அங்கே அவள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து வெர்னர் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தான். உள்ளே இரண்டே இரண்டு பேர், சைக்கிள் தொப்பி போட்ட ஜெர்மன்காரர்கள்.

இந்தத் தடவை வெர்னர் கேலி பேசவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

“ரிக்மோர், ஒண்ணு சொல்றேன். மார்ச் மாசம் ஐகிலுக்கு நெஞ்சுவலி. ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போனாங்க. இப்ப எழுந்து நடமாடுறான். ஆனா பழைய ஐகில் இல்ல.”

மழைத் தண்ணீர் அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. தனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“உன்னத் தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்திருப்பாங்க,” என்றான் வெர்னர்.

அவள் பேருந்தின் படியில் காலை வைத்தாள். வைத்தாள், நான் பொய் சொல்லவில்லை, ஜெர்மன்காரர்கள்கூடப் பையை நகர்த்தி இடம் விட்டார்கள். ஏறியிருந்தால் கால் மணியில் அண்ணன் வாசல். அப்போது பார்த்துப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குத்தான் பிறந்தநாள். அண்ணி மார்னா மாவு பிசைந்து பன்கள் சுட்டு அடுக்கிக்கொண்டிருப்பாள், வீடெல்லாம் இரவல் நாற்காலியும் மேசையுமாகக் கிடக்கும். அதற்கு நடுவில், நனைந்த கோழி மாதிரி, கூப்பிடாமல், பத்து வருஷத்துக்கப்புறம் போய் நின்றால்? நெஞ்சு பலவீனமான மனுஷனுக்கு அது அதிர்ச்சியாக இருந்தால்? அவர்கள் சாப்பாடு போட வேண்டும், படுக்கை விரிக்க வேண்டும். எவ்வளவு தொல்லை. ஒரே ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கொண்டால் போகிறது.

அவள் காலைக் கீழே எடுத்தாள். “நாளைக்குத்தான வீடு தொறந்திருக்கும்னு போட்டிருக்கு,” என்றாள்.

“மத்த நாளெல்லாம் பூட்டி வெச்சிருக்கானாக்கும்,” என்றான் வெர்னர்.

கதவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு, நான் வருவதைப் பற்றி அவர்களிடம் ஒன்றும் சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டதற்கு, நான் ஏன் சொல்லப்போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை எடுத்தான். அவன் வியாழக்கிழமை மத்தியானமே போய்ச் சொல்லிவிட்டிருந்தான். அது அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் மழை விட்டது. ஐகிலின் வயலுக்குக் கீழே இருக்கிற கடைசி ஷெல்டருக்கு அவள் வந்து சேர்ந்தபோது மேற்கே வானம் திறந்து, கடல் முழுக்க வெளிச்சமாக இருந்தது. ஜூன் மாதத்தில் எங்களுக்குச் சீக்கிரம் இருட்டாது. வயல் மேட்டில் அந்த வெள்ளை வீடு, கொட்டகை, வெறும் கொடிக்கம்பம், எல்லாம் பக்கத்தில் தெரிந்தன. சமையலறை ஜன்னலில் யாரோ குறுக்கும் நெடுக்கும் போனார்கள். மார்னாவாகத்தான் இருக்கும். ரொட்டி வேகிற வாசனை அங்கிருந்து இங்கே வந்திருக்க முடியாது, ஆனாலும் அவளுக்கு வந்தது. ஷூவைக் கழற்றினாள். ஈரக் காலுறையைப் பலகையில் போட்டாள். மறுநாளைக்கென்று பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்துச் சுருக்கம் போக நீவி, ஆணியில் மாட்டினாள். பலகையில் சாய்ந்து உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஐகில் வெளியே வந்தான்.

இத்தனை வருஷம் கழித்தும் தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கின அந்த நடை வேறு யாருக்கு உண்டு? இளைத்திருந்தான். கம்பளிச் சட்டை தோளில் தொங்கியது. நேராக வயல் வரப்பில் இறங்கி வந்தான், வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டான். கீழே, பாதைக்கு மேலே இருக்கிற வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு சின்னக் கல்லை எறிந்தால் அவன் மேல் விழும், அவ்வளவு கிட்டத்தில்.

அவளைத் தேடித்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்துவிட்டது. வெறுங்கால், எண்ணெய் வழிகிற முகம், வீங்கின முழங்கால். சொல்லிப் பழகின வார்த்தை ஒன்றும் வாயில் இல்லை. இப்போது பேசினால் அவன் வீட்டுக்கு வா என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அது அவனாகக் கூப்பிட்டதா, அவள் வாசலில் வந்து உட்கார்ந்து கூப்பிட வைத்ததா? நாளைக்கு என்றால் இந்தக் கேள்வியே இல்லை. அவள் தலையைப் பலகையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அசையாமல் இருந்தாள். வேலிக் கம்பி ஒரு தடவை கிறீச்சிட்டது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அவன் திரும்பி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. பேர் அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், காற்றுகூட அவன் பக்கம்தான் அடித்தது. போடவில்லை. மேடு ஏறுகிற மனுஷனைக் கூப்பிட்டுத் திரும்ப இறங்க வைக்க வேண்டுமா என்று ஒரு நினைப்பு. நாளைக்குக் காலையில்தான் போகப் போகிறோமே என்று ஒரு நினைப்பு. அவன் கொட்டகை மூலையில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போர்வைக்குள் புகுந்துகொண்டாள். அவளுக்கு அன்று சந்தோஷம். அவனாக இறங்கி வந்தானே! பத்து வருஷத்தில் முதல் தடவையாக, நாளை விடியட்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு படுத்தாள்.

காலையில் கடல் தண்ணீரில் முகம் கழுவினாள், தலை வாரினாள், நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்குத்தான் வீடு திறக்கும். எட்டு மணிக்கு வீட்டு மேட்டில் யாரோ கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் காலையிலேயே கொடி ஏறிவிடும். சிவப்பும் வெள்ளையுமாகக் கொடி விறுவிறுவென்று உச்சிக்குப் போனது. ரிக்மோருக்குச் சிரிப்பு வந்தது. எழுபது வயசுக் கிழவா, நல்லா இருடா என்று வாய்விட்டே சொன்னாள்.

உச்சியில் போய் நின்ற கொடி மெதுவாகக் கீழே இறங்கியது. பாதிக் கம்பத்தில் நின்றது.

கயிறு நழுவிவிட்டது என்று நினைத்தாள். ஏரோவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், அரைக் கம்பத்தில் பறக்க விட வேண்டுமானால் முதலில் உச்சிவரை ஏற்றித்தான் இறக்க வேண்டும் என்று. அவளுக்கும் தெரியும். இருந்தாலும், இதோ இப்போது கயிற்றைச் சரி செய்வான், இதோ ஏற்றுவான் என்று நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பத்தடியில் இருந்தவன் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அது வெர்னர்.

அதற்கப்புறம் அவள் எப்படி அந்த மேட்டில் ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பையை ஷெல்டரிலேயே விட்டுவிட்டு, ஷூ வார் கட்டாமல், வாற்கோதுமையை மிதித்துக்கொண்டு குறுக்கே ஏறினாள். பத்து மணி ஆகவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்தில் நீள மேசைகள் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. கோப்பைகள் வரிசையாக இருந்தன. பன்களும் கேக்குகளும் தீவே வந்து தின்றாலும் தீராத அளவுக்கு இருந்தன. ஒவ்வொரு கேக்கிலும் பிறந்தநாளுக்கென்று சின்னச் சின்னக் காகிதக் கொடி குத்தியிருந்தது. அவளுக்குப் பின்னாலேயே உள்ளே வந்த வெர்னர் அந்தக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட ஆரம்பித்தான். பெரிய கையால், கேக் உடைந்துவிடாமல், மெதுவாகப் பிடுங்கினான்.

மார்னா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் காப்பிக் குடுவை. முகம் வீங்கியிருந்தது, ஆனால் ஏப்ரன் சுத்தமாக இருந்தது. ரிக்மோரைப் பார்த்துக் குடுவையை மேசையில் வைத்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள்.

பாதி ராத்திரிக்கு மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டானாம். ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். விடிகிற நேரத்தில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பத்திரிகையில் போட்டாயிற்று, பத்து மணிக்கு ஜனங்கள் பூவும் கையுமாக வந்துவிடுவார்கள், வாசலில் கொடியைப் பார்த்துவிட்டு உள்ளே வருவதா திரும்புவதா என்று தவிப்பார்கள், வரட்டும், காப்பி இருக்கிறது, அவனுக்காகச் சுட்டது அவனுக்காகவே தின்றுவிட்டுப் போகட்டும் என்று மார்னா கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். திடீரென்று நிறுத்தி, ரிக்மோரின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“ரெண்டு நாளா அவன் படுத்துன பாடு இருக்கே. வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவான். வெர்னர், அவ எங்க வந்துட்டா, இப்ப எங்க வந்துட்டான்னு அதே கேள்வி. நேத்து சாயங்காலம் நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்னு கெளம்பிட்டான். நான்தான், அவளா நடந்து வர்றா, அவ இஷ்டத்துக்கு வரட்டும், சும்மா போய் நிக்காதன்னேன். கேக்கல. எறங்கிப் போனான்.”

வெர்னர் கொடி பிடுங்குவதை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“தனியாத்தான் திரும்பி வந்தான்,” என்றாள் மார்னா. “நீ சாஞ்சு உக்காந்த மேனிக்கே தூங்கிட்டியாம். பாவம், அவ்ளோ தூரம் நடந்து வந்திருக்கா, அசந்துட்டா, எழுப்ப மனசு வரலைன்னான். நாளைக்குத்தான் வந்துடப் போறாளேன்னு, சின்னப் பையன் மாதிரி சிரிச்சிக்கிட்டே போய்ப் படுத்தான்.” அவள் ரிக்மோரின் கையை விடவில்லை. “நான் தடுத்தது ஒரு பக்கம் கெடக்கட்டும். அவன் வந்தப்ப நீ தூங்கிட்டுத்தான இருந்த ரிக்மோர்?”

இந்த ஒரு கேள்விக்கு மார்னா என்ன பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த வீங்கின கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இனி எத்தனை ராத்திரி அந்த வீட்டில் அவள் தனியாகப் படுக்க வேண்டுமோ, அத்தனை ராத்திரிக்கும் அவளுக்கு அந்தப் பதில் வேண்டும்.

“ஆமா,” என்றாள் ரிக்மோர். “நல்லாத் தூங்கிட்டேன்.”

மார்னா தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினாள். போய்ப் பார், கேட்க வேண்டியதில்லை என்றாள்.

அறையில் ஜன்னல் அகலத் திறந்திருந்தது, செத்தவர் இருக்கிற அறையில் நாங்கள் திறந்து வைப்பது போல. ஐகிலைச் சுத்தமான வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பிறந்தநாளுக்கென்று இஸ்திரி போட்டு வைத்த சட்டையாக இருக்கும். முகம் சவரம் செய்து மழமழவென்று இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்கால் கட்டிலில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே உட்கார்ந்தாள். பாலேவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தது. அன்றைக்கு நீ சொன்னது சரிதான் என்று சொல்லத்தான் தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் நடந்து வந்திருந்தாள். இப்போது அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வெளியே முதல் வண்டி வந்து நிற்கிற சத்தமும், யாரோ வாசலில் தயங்கித் தயங்கிப் பேசுகிற சத்தமும் கேட்டன. அவள் அண்ணனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடலில் கையை விட்டது போலச் சில்லென்று இருந்தது. அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“நான் தூங்கல ஐகில்,” என்றாள்.